சன்னாசி காவல் காத்த தவளைகள்

சன்னாசி யாரையும் நம்பியதில்லை. அது அவருடைய குணம் என்று ஊரில் சொல்வார்கள். இல்லை, தொழில் என்று அவர் சொல்வார். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் தலை நரைக்கும் வரை ஜாகா வேலை, அதாவது இரவுக் காவல், பார்த்தவர் அவர். ஒரு சைக்கிள், ஒரு டார்ச் லைட், ஒரு தடி. ரப்பர்ப் பால் மரம் நின்ற காலத்தில் ஒட்டுப்பால் திருடர்களைப் பிடித்தார். மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு குலை திருடர்களைப் பிடித்தார். சந்தேகப்பட்டதற்குத்தான் தோட்டம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அப்படிப்பட்ட மனிதரிடம் ஓய்வு பெற்ற மறுநாளே எல்லோரையும் நம்பு என்று சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்!

எனவே வேலைதான் ஓய்வு பெற்றது, சந்தேகம் பெறவில்லை. கேஸ் தோங், அதுதான் சிலிண்டர், கொண்டுவருகிறவன் பாதி காலியான தோங்கைத் தள்ளிவிடுகிறான் என்று இவருக்குச் சந்தேகம். தனக்குப் பதிலாக வந்த நேப்பாளிக் காவலாளி லாரியின் நிழலில் தூங்குகிறான் என்று சந்தேகம். சிம்பாங் முச்சந்தியில் உணவுக்கடை வைத்திருக்கும் குலாம் முகம்மது இவருடைய தேத்தண்ணீரில் மட்டும் பாலைக் குறைக்கிறார் என்று தீராத சந்தேகம். மனைவி வள்ளிநாயகி இருந்தவரைக்கும் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தார். "ஒங்க டார்ச்ச என் மூஞ்சில அடிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் கப்சிப். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது வீட்டில் மகன் தர்மராஜ், மருமகள் ரதி, சன்னாசி, மூன்றே பேர். தர்மராஜுக்குச் செனவாங்கில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ரதி கோலா கிளாவாங்கிலிருந்து வந்த பெண், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். அதிர்ந்து பேசமாட்டாள். அதிர்ந்து பேசாதவர்கள் மேல் சன்னாசிக்கு எப்போதுமே ஒரு கண்தான்.

இந்த வீட்டுக்குத் தவளைகளைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, சன்னாசியேதான். கண்ணைக் காட்டச் செரம்பானுக்குப் போனவர், திரும்பும் வழியில் அம்பாங்கானில் ஒரு மீன்கடை வாசலில் நின்றார். வளர்க்கிற மீன் விற்கும் கடை. கண்ணாடித் தொட்டி ஒன்றில் கட்டைவிரல் அளவுத் தவளைகள் கைகால்களை நான்கு பக்கமும் விரித்துக்கொண்டு தண்ணீரில் சும்மா மிதந்தன. அவை தரைக்கே வராதாம். பிறப்பு, இறப்பு எல்லாம் தண்ணீருக்குள்தானாம். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி கீழே போய்விடுமாம். ஓட்டமில்லை, ஒளிவதில்லை. வாழ்நாள் முழுக்க ஓடுகிறவர்களையும் ஒளிகிறவர்களையுமே பார்த்துச் சலித்த கண் அவருடையது. பார்த்துக்கொண்டே நின்றவர் ஐந்தை வாங்கிவிட்டார்.

கடைப் பெண் மலாயில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தொட்டிக்கு மூடி வேண்டும், இல்லையென்றால் குதித்து வெளியே விழுந்து காய்ந்துபோகும். பைப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். தண்ணீருக்குள் கையை விடவே கூடாது, தீனி கொடுக்க நீளமான இடுக்கி ஒன்று இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சன்னாசிக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. ஓகோ, இடுக்கியை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா? மூடியை மட்டும் வாங்கினார். காவல்காரன் மூடிக்கு மரியாதை கொடுப்பான். இடுக்கியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கடவுள் கொடுத்த விரல் இருக்கும்போது இடுக்கி எதற்கு?

தொட்டி முன்னறையில் சன்னல் ஓரமாகக் குடியேறியது. ரதி பார்த்த மாத்திரத்தில் ஓரடி பின்னால் போனாள்.

"என்ன மாமா, தவளைய வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்க?"

"ஏன், வெளிய இருந்தா ஒனக்கு ஆவுமா?"

தவளைத் தீனியான சிவப்புப் புழுவை உறையவைத்து ஐஸ்பெட்டியில் வைக்கவேண்டியிருந்தது. ரதி புழுப் பொட்டலத்தைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கட்டி, மீன் சட்டியிலிருந்து தள்ளி ஒரு மூலையில் ஒதுக்கிவைத்தாள். அதைச் சன்னாசி கவனித்தார். மனதில் குறித்துக்கொண்டார்.

தவளைகளுக்குத் தோட்டத்துப் பதவிகளையே பெயராக வைத்தார். கல்மேல் ஏறி உட்கார்ந்து யாரையும் கிட்டே விடாத தடியன் துரை. செடிக்கு அடியில் பதுங்கி எப்போதும் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தவன் கிராணி. கங்காணிபோல் எல்லோரையும் முட்டிக்கொண்டு திரிந்தவன் மண்டோர். பாக்கி இரண்டும் பெண். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாததால் இரண்டும் பால் வெட்டும் வெட்டுக்காரிகள். வாழ்நாள் முழுக்கத் தான் சலாம் போட்ட ஆட்களை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் போட்டுத் தீனி கொடுப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

தீனி கொடுப்பது பொழுது சாயும் நேரத்தில். ஜாகா வேலைக்குக் கிளம்பும் அந்த நேரத்தை உடம்பு மறக்கவில்லை. சரியாக அப்போது எழுந்து, முகம் கழுவி, காக்கிக் கால்சட்டையைப் போட்டு, காட்டுக் கொசுவுக்கு அஞ்சிக் கை கால் கழுத்தெல்லாம் செராய் எண்ணெயைத் தேய்த்துக்கொள்வார். தோட்டத்தில் ஜாகாவுக்கு அதுதான் சட்டை மாதிரி. வலையடித்த சன்னல் இருக்கும் கல்வீட்டில் கொசு ஏது? ஆனாலும் அந்த எலுமிச்சைப்புல் வாசம் இல்லாமல் அவருக்கு இருட்டாது. தேய்த்து முடித்ததும் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு புழுவை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டுவார்.

தவளைகளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மூக்குக்கு நேரே இருக்கும் புழுவை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லைக் கடிக்கும். வாடை பிடித்துத் தடுமாறித் தடுமாறி வரும். வந்து, இரண்டு குட்டிக் கைகளாலும் சன்னாசியின் விரலைப் பிடித்துக்கொண்டு புழுவை வாய்க்குள் தள்ளும். முதல் தடவை மண்டோர் அப்படி விரலைப் பிடித்தபோது சன்னாசி விரலை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார். அவர் வெளிச்சம் அடித்த இடத்திலிருந்து எல்லாமே ஓடித்தான் போயிருக்கின்றன: ஆள், பன்றி, முசாங் என்கிற மரநாய், எல்லாம். கைக்குத் தேடி வந்தது இதுவரை எதுவுமில்லை.

முதலில் துரை செத்தார்.

காலையில் பார்த்தபோது கால்களை நீட்டிக்கொண்டு, தோல் வெளுத்து, மல்லாந்து கிடந்தது. சன்னாசி அதை வாழைமரத்தடியில் புதைத்துவிட்டுச் சிம்பாங் கடைக்குப் போய் உட்கார்ந்தார். குலாம் முகம்மது தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"என்ன அண்ணே, மொகம் தொங்கிப்போச்சு?"

"துரை செத்துட்டாரு பாய்."

"எந்தத் துரை?"

விஷயம் தெரிந்ததும் குலாம் முகம்மது சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "பொம்பளைங்களுக்குத் தவளைன்னா ஆவாது அண்ணே. எங்க வீட்ல ஷரீஃபா ஒரு பல்லியப் பாத்தாலே ரோட்டுக்கு ஓடிருவா. ஒங்க மருமவ எப்படி ஒரே வீட்ல இருக்குன்னு நானே யோசிச்சேன்லா" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சன்னாசி காதில் வேடிக்கை எப்போது வேடிக்கையாக விழுந்திருக்கிறது? பாதித் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்தார். பாய்க்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று ஒரு சந்தேகமும் போகிற போக்கில் பிறந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்.

கொஞ்ச நாளில் கிராணியும் போய்விட்டது. அதே வெளுத்த தோல், அதே நீட்டிய கால். இதற்குமேல் சன்னாசி சும்மா இருப்பாரா? பழைய ஜாகா விழித்துக்கொண்டான்.

ஜாகாவின் முதல் பாடம், யாரையும் கேட்காதே. கேட்டால் திருடன் உஷாராகிவிடுவான், சும்மா பார். சன்னாசி பார்த்தார். கேஸ் தோங்குக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு வாளி இருந்தது. தட்டைப் போட்டு மூடியிருந்தது. உள்ளே தண்ணீர். குழாய் இருக்கும் வீட்டில் தண்ணீரை ஒளித்துவைப்பானேன்? ரதி தையல் மெஷினில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இவர் வந்தால் சட்டென்று கவிழ்த்துவைப்பாள். ஒரு தடவை கவிழ்ப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். போனில் தவளைப் படம். தவளை என்றாலே பின்வாங்குகிறவள் தவளையைப் பற்றி எதற்குப் படிக்கிறாள்? எதைப் போட்டால் சாகும் என்று பார்க்கிறாளோ?

ஒட்டுப்பால் திருடர்களைப் பிடிக்கத் தோட்டத்தில் அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். ஒற்றையடிப் பாதைகளில் கணுக்கால் உயரத்துக்குக் கறுப்பு நூலைக் குறுக்கே கட்டிவிட்டு வருவார். விடிந்து பார்த்தால், எந்தப் பாதையில் நூல் அறுந்திருக்கிறதோ அந்த வழியாகத் திருடன் வந்திருக்கிறான். இப்போது மருமகளின் தையல் பெட்டியிலிருந்தே கறுப்பு நூலை எடுத்து, தொட்டி மூடிக்கும் மேசைக்காலுக்கும் இடையில் கட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நூல் அறுந்திருந்தது. மறுநாளும் கட்டினார். மறுநாளும் அறுந்திருந்தது. வீட்டில் ரதியைத் தவிர யாருமில்லை.

அடுத்த நாள் கடைக்குக் கிளம்புகிறவர்போல் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனவர், சிம்பாங் வரை போகாமல் எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார். சன்னல் வழியாகப் பார்த்தார். ரதி தொட்டியருகே குனிந்து, ஒரு சாடியிலிருந்து எதையோ மெதுவாக உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக! உள்ளே பாய்ந்தார்.

"என்னத்த ஊத்துற?"

ரதி திடுக்கிட்டுத் திரும்பினாள். "தண்ணி மாமா."

"வெறுந் தண்ணியா? ரெண்டு போயிருச்சு. மூணாவதுக்கும் நேரம் பாத்துட்டியா? நேராச் சொல்லிருக்கலாம்ல, தவளை ஆவாதுன்னு. வாயில்லா ஜீவன வெசம் வச்சுக் கொல்லணுமா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மேசையிலிருந்த கிளாசை எடுத்து, அதே சாடியிலிருந்து நிறைய ஊற்றி, அவர் எதிரிலேயே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வெட்கத்தில் செத்திருப்பார்கள். சன்னாசியோ, மனிதரை ஒன்றும் செய்யாமல் தவளையை மட்டும் கொல்லும் மருந்து எதுவாக இருக்கும் என்று யோசித்தார்.

சாயங்காலம் தர்மராஜ் வந்ததும் ரதி துணிப்பையோடு நின்றாள். அம்மாவுக்கு முட்டிவலி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, கோலா கிளாவாங்குக்குப் போய்விட்டாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த தர்மராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பேசினான்.

"அப்பா, நான் அவளக் கூப்பிட மாட்டேன். நீங்களே போயி கூப்பிடணும். இல்லன்னா செரம்பான்ல ரூம் பாத்துக்கிட்டு நானும் போயிருவேன். இந்த வீட்டுக்குள்ள நீங்களும் ஒங்க தவளையும் காவலா இருங்க."

"அவ செஞ்சது ஒனக்குத் தெரியாது."

"ஒங்களுக்குத்தான் தெரியும்லா, எப்பவுமே" என்றான் அவன்.

மகன் சொன்னதைச் செய்கிறவன். அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுக்குரல் இருக்காது. ஆனால் செய்யாத தப்புக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? தன் பக்கம்தான் நியாயம் என்பதை நிரூபித்துவிட்டால் மகன் வாயை மூடிக்கொள்வான். திருடன் போன பிறகு திருட்டு நின்றதென்றால் அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

முன்னறைக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். சாவி அரைஞாணில். பாக்கியிருந்த மண்டோரையும் இரண்டு வெட்டுக்காரிகளையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் விரலைத் தண்ணீரிலேயே வைத்திருந்து, கொஞ்சிக் கொஞ்சித் தீனி கொடுத்தார்.

மண்டோர் செத்தது. அடுத்து ஒரு வெட்டுக்காரி.

சன்னாசி பூட்டைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. நூலைப் பார்த்தார். அறுபடவில்லை. தர்மராஜ் ஷிப்டில். ரதி மலைக்கு அந்தப் பக்கம், அம்மா வீட்டில். பூட்டிய அறைக்குள் போய்வந்த ஆள் ஒருவர்தான். அந்த ஒருவரை அவர் இதுவரை விசாரித்ததில்லை.

சன்னல் வழியாக வெயில் தொட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீரின் மேல்பரப்பில், மழை நாளில் லாரி நின்ற இடத்தில் தெரியுமே, அந்த மாதிரி பல நிறத்தில் ஓர் ஏடு மிதந்தது. மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தார். அந்த வாசத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பழக்கம் விடுமா? யாராவது என் எண்ணெயை எடுத்து ஊற்றியிருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. எண்ணெய்ப் புட்டி அவருடைய பெட்டிக்குள் இருந்தது. பெட்டிச் சாவியும் அதே அரைஞாணில்தான் தொங்கியது.

அப்போதுதான் அந்தக் கடைப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். கையை விடவே கூடாது என்றாளே. பக்கத்தில் ஒரு மனிதர் நிற்பதுபோல் தன் கையைப் பார்த்தார் சன்னாசி. கைக்குத் தேடி வந்த ஜீவன்களை அந்தக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கொன்றிருக்கிறார். பழியைத் தூக்கி ரதி தலையில் போட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். மிச்சமிருந்த ஒற்றைத் தவளை தொட்டியின் மூலையில் அசையாமல் கிடந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. தொடவும் பயம். அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

செரம்பானில் பஸ் மாறி, புக்கிட் தங்கா மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கி, அவர் கோலா கிளாவாங் சேர்ந்தபோது உச்சிப்பொழுது ஆகியிருந்தது. ரதியின் அம்மா பஞ்சாலைதான் வந்து கதவைத் திறந்தார். "வாங்கண்ணே" என்று சொன்னார், ஆனால் முகம் வா என்று சொல்லவில்லை. உள்ளே ரதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சன்னாசி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"என் கைதாம்மா. நான் தேச்சுக்கிற எண்ணெதான். ஒம்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிரும்மா."

ரதி தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் மாமா" என்றாள்.

அந்தப் பாழாய்ப்போன ஜாகா சன்னாசியின் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "தெரிஞ்சேவா சாவ விட்ட?"

பஞ்சாலை கொண்டுவந்த தண்ணீரை ணங்கென்று மேசைமேல் வைத்தார். "மன்னிப்பு கேக்க வந்தீங்களாண்ணே, இல்ல வெசாரணைக்கு வந்தீங்களா?"

"நீ இரும்மா" என்றாள் ரதி. அவள் குரல் உயரவில்லை. "சாவ விடல மாமா. ரெண்டாவது செத்தப்ப தண்ணியில எண்ணெ வாசம் அடிச்சுச்சு. போன்ல படிச்சுப் பாத்தேன். தவளைக்குத் தோலுதான் மூக்கும் வாயும், கையில இருக்கிறதெல்லாம் உள்ள போயிரும்னு போட்டிருந்துச்சு. ஒங்ககிட்ட சொன்னா நம்பியிருப்பீங்களா?"

சன்னாசி யோசித்துப் பார்த்தார். இந்த ஒரு விஷயத்திலாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. "நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

"அதான் சொல்லல. வாளியில தண்ணி புடிச்சு வச்சு, நீங்க தேத்தண்ணி குடிக்கப் போற நேரமாப் பாத்து பாதித் தண்ணிய மாத்திக்கிட்டே இருந்தேன். எனக்கு அதுங்களப் பாத்தா இன்னும் கூசுது. ஆனா நீங்க அதுக்குத் தீனி குடுக்கும்போது ஒங்க மொகம் வேற மாதிரி இருக்கும் மாமா. அதுக்காகத்தான்."

அவள் களவாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தவரை மூன்றும் உயிரோடு இருந்தன. சன்னாசி பூட்டுப் போட்டுக் காவல் காத்தபோதுதான் செத்தன.

"இப்ப எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு."

"அந்த எண்ணெத் தண்ணியிலேயேவா விட்டுட்டு வந்தீங்க?"

தலையாட்டினார். அறையைப் பூட்டிச் சாவியோடு வந்திருப்பதையும் சொன்னார். ரதி பட்டாணித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சோறு தின்றுவிட்டாவது போ என்று பஞ்சாலை கத்தியதைக் காதில் வாங்காமல் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, இவருக்கு முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் ரதி அவர் பக்கத்தில் உட்காரவில்லை, நடைவழிக்கு அந்தப்புறம் உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த தர்மராஜுக்குப் போன் போட்டாள். பூட்டை உடைக்கச் சொன்னாள். கேஸ் தோங்குக்குப் பின்னால் இருக்கும் வாளித் தண்ணீரில் தவளையை மெதுவாக மாற்றச் சொன்னாள். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கை கழுவச் சொன்னாள். போனை வைத்தவள் மலை இறக்கம் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஏதோ தோன்றியதுபோல் திரும்பினாள்.

"இன்னிக்குக் காலையில நீங்க அதுல கைய வைக்கலதானே மாமா?"

"வைக்கலம்மா."

ரதி அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று திருப்பிக்கொள்ளாமல், சொன்னது நிஜமா பொய்யா என்று தேடுகிற கண்ணோடு, நிதானமாகப் பார்த்தாள். சன்னாசிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சொன்னது சத்தியமான உண்மை. அதை நிரூபிக்க அவரிடம் எதுவுமே இல்லை. நம்பாத கண் எதிரே உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது இப்படித்தான் வலிக்கும் என்று இத்தனை வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"சத்தியமா வைக்கலம்மா" என்றார் மறுபடியும். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.